அசையாமல் படுங்கள் என்று சொல்லாதீர்கள்!



நம் தோட்டத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார் என்றால் லயமே கிளம்பிவிடும். ஒரு டின் மைலோ, நான்கு ஆரஞ்சு, பிளாஸ்க் நிறைய பார்லித் தண்ணீர். வேனில் இடம் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளிலாவது போய், பார்வை நேரம் தொடங்கும் முன்பே வார்டு வாசலில் நிற்போம். இது நம்மவர்களிடம் உள்ள நல்ல குணம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு நாம் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "அசையாம படுங்க. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்." அன்பினால் வரும் வார்த்தைதான். அந்த அன்பு ஓர் உயிரைப் பறித்துவிடக் கூடும் என்பதை நான் என் சொந்த வீட்டில் கற்றுக்கொண்டேன். இவ்வளவு காலமும் இதை எழுதத் தயங்கினேன். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்ற எண்ணத்தில் இன்று எழுதுகிறேன்.

என் வீட்டில் நடந்தது

2017ஆம் ஆண்டு. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 71. தோளில் கம்பு வைத்து இருபுறமும் வாளி தொங்கப் பால் சுமந்த உடம்பு அது. ஒரு நாள் கூட வேலைக்குப் போகாமல் இருந்தவர் அல்லர். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து எலும்பைச் சரிப்படுத்தினார்கள். சிகிச்சை நன்றாகவே முடிந்தது.

மறுநாள் காலை, நடைப்பயிற்சி தரும் பிசியோ பெண் ஒருவர் நான்கு கால் உள்ள நடைச்சட்டத்தைக் கொண்டுவந்து கட்டில் அருகே வைத்தார். எழுந்து உட்கார வேண்டும், முடிந்தால் நான்கு எட்டு வைக்க வேண்டும் என்றார். அத்தை வலியில் அழுதார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "பேசோக்லா" என்று நானே அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே.

மாலையில் தாதி ஒரு சிறிய ஊசியோடு வந்தார். வயிற்றுத் தோலில் போட வேண்டிய ஊசி. அத்தை சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "வயித்துல ஊசியா? என்னை என்ன நாயா கடிச்சுது?" என்றார். அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதைப் பார்த்தவர் அவர். தாதி மலாயில் விளக்கினார். அது "ஊபாட் சாயிர் டாரா", இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். வந்தது வினை!

"எனக்கே ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்றாரு. இருக்கிறதையும் தண்ணியாக்கணுமா? வேணாம் புள்ள, வேணாம்னு சொல்லிடு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாதி ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஐந்து நாள் அப்படியே ஓடியது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், அத்தையின் இடது கால் பின்சதை வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தைலம் கொண்டுவந்து நன்றாக உருவிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உருவினேன். மறுநாள் விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்தவர், "மூச்சு முட்டுதே" என்று சொல்லி அப்படியே சாய்ந்தார். மருத்துவமனையில் சில மணி நேரம் போராடினார்கள். பிழைக்கவில்லை.

"மாரடைப்பு" என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். டாக்டர் என்னிடம் சொன்னது வேறு. காலில் உறைந்த இரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார். ஊசியும் நடையும் இருந்திருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இப்படி நடப்பதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியம் போதாதா, வாசகர்களே, ஒரு மருமகள் காலமெல்லாம் நினைத்து வருந்துவதற்கு?

கட்டிப்பால் கதை

இரத்தம் ஏன் காலில் உறைகிறது? மரம் சீவிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது.

காலையில் மரத்தைச் சீவினால் பால் வழிந்து மங்கில் இறங்குகிறது. நேரத்தோடு எடுத்துவிட்டால் அது பால். எடுக்காமல் மங்கிலேயே நின்றுவிட்டால் கட்டிப்பால். வெட்டுக் கோட்டில் படிந்து காய்ந்தது ஒட்டுப்பால். ஆலைக்குப் போய் அமிலம் ஊற்றினால் தொட்டி நிறையப் பால் உறைந்து கெட்டியாகிறது. ஆக, பால் உறைவதற்கு மூன்று வழிகள்: அசையாமல் நிற்பது, வெட்டுப்பட்ட இடம், பாலின் தன்மையையே மாற்றும் பொருள்.

இரத்தத்துக்கும் அதே மூன்றுதான். ஜெர்மனியில் வாழ்ந்த ருடால்ஃப் வீர்ஷோ என்ற மருத்துவ அறிஞர், கால் சிரையில் உறைந்த கட்டியே நுரையீரலுக்குப் பயணம் போகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ந்து விளக்கினார். இரத்த ஓட்டம் மந்தமாவது, இரத்தக் குழாயின் சுவர் காயப்படுவது, இரத்தமே சீக்கிரம் உறையும் தன்மை பெறுவது என்ற மூன்று காரணங்களையும் இன்றுவரை அவர் பெயராலேயே மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் நாள்தான் 2014 முதல் உலக இரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனி மருத்துவமனைக் கட்டிலைப் பாருங்கள். நாம் நடக்கும்போது பின்காலின் சதை ஒவ்வோர் எட்டுக்கும் சிரைகளை அமுக்கி, இரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. படுத்துவிட்டால் இந்த வேலை நின்றுவிடுகிறது. இது முதல் காரணம். எலும்பு முறிவும் அறுவையும் குழாய்களைக் காயப்படுத்துகின்றன. இது இரண்டாவது. காயம் பட்ட உடம்பு, இரத்தப் போக்கை நிறுத்துவதற்காக உறையும் தன்மையைத் தானே கூட்டிக்கொள்கிறது. இது மூன்றாவது. என் மாமியாருக்கு மூன்றும் சேர்ந்திருந்தன. அந்த வேளையில்தான் நான் "பேசோக்லா" என்றேன்.

பாலை உறையாமல் வைக்க வேண்டுமானால் அமோனியா கலப்பார்களே, நினைவிருக்கிறதா? வயிற்றில் போடும் ஊசி ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. அமோனியா கலந்ததால் பால் தண்ணீராகிவிடுகிறதா? இல்லை. பால் பாலாகவே இருக்கிறது, கட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அதுபோலவே இந்த ஊசியும் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. இரத்தம் குறைவதும் இல்லை. தேவையில்லாத இடத்தில் உறைவதைத் தடுக்கிறது. இந்த உவமை அன்று எனக்குத் தோன்றியிருந்தால் அத்தையிடம் சொல்லியிருப்பேன். அவர் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

வெள்ளைக்காரருக்கு மட்டுமா?

"இது வெள்ளைக்காரர் நாட்டு நோய். ஆசியர்களுக்கு அபூர்வம்" என்ற எண்ணம் மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களால் நடத்தப்பட்டது. 1996இல் வெளியான அந்த ஆய்வில், இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் பெரிய அறுவை செய்துகொண்ட 88 நோயாளிகளின் கால்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தடுப்பு மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. 55 பேருக்கு, அதாவது 62.5 விழுக்காட்டினருக்கு, காலில் இரத்தம் உறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். படத்தில் தெரியும் கட்டிகள் எல்லாம் நுரையீரலுக்குப் போவதில்லை. சிறியவை பல தாமாகவே கரைந்துவிடும். ஆனால் எது கரையும், எது பிய்த்துக்கொண்டு போகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வந்த பிறகு பார்க்கலாம் என்று இருப்பதைவிட வராமல் தடுப்பதே மேல்.

தடுக்க முடியும் என்பதற்குச் சான்று

இந்த மருந்தின் பெயர் ஹெப்பாரின். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் அதன் முதல் தடயத்தைக் கண்டார். கல்லீரலில் இருந்து கிடைத்ததால், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது.

அதைச் சிறிய அளவில் முன்கூட்டியே போட்டால் அறுவை நோயாளிகளைக் காக்கலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மருத்துவர் விஜய் கக்கர். பல நாடுகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1975இல் வெளிவந்தது. பெரிய அறுவை செய்துகொண்ட 4,121 பேரை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஊசி போட்டார்கள். ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் 2 பேர். பதினாறுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள அந்தப் பதினான்கு பேரும் யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய அப்பா.

நடையின் அருமையும் புதிய செய்தி அன்று. ஒரு காலத்தில் அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் படுக்கவைப்பதே நல்ல வைத்தியம் என்று கருதினார்கள். ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையில் போட்டு வைப்பதால் வரும் ஆபத்துகளைப் பற்றியே 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். கால் சிரையில் இரத்தம் உறைவதும் அதில் ஒன்று. அவர் எழுதி இத்தனை ஆண்டுகள் ஆகியும், நம் வாய் இன்னும் "அசையாம படுங்க" என்றே சொல்கிறது!

மருந்து தெரிந்தும் மறந்தால்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது தேவைப்படும் நோயாளிக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

இங்கிலாந்தில் ஆண்டுக்கு 25,000 பேர் மருத்துவமனையில் ஏற்பட்ட, தடுத்திருக்கக்கூடிய இரத்த உறைவினால் இறக்கிறார்கள் என்று நாடாளுமன்றச் சுகாதாரக் குழு 2005இல் எடுத்துச் சொன்னது. 2010இல் அந்த நாடு ஓர் ஏற்பாடு செய்தது. மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் குறைந்தது 90 விழுக்காட்டினருக்கு, இரத்தம் உறையும் ஆபத்து எவ்வளவு, இரத்தம் கசியும் ஆபத்து எவ்வளவு என்று ஒரு தாளில் கணித்துக் குறிக்க வேண்டும். இலக்கை எட்டிய மருத்துவமனைகளுக்கு அதற்கென ஒதுக்கிய பணம் கிடைத்தது. ஒரு தாள், சில கேள்விகள், சில அடையாளக் குறிகள். புதிய மருந்து இல்லை, புதிய இயந்திரம் இல்லை. 90 விழுக்காட்டை எட்டிய மருத்துவமனைகளில் இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் குறைந்ததைப் பின்னர் கண்டார்கள்.

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 2013இல் இதற்கான மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்கு ஊசி, எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆகவே நீங்கள் வார்டில் இதைப் பற்றிக் கேட்டால், இல்லாத ஒன்றைக் கேட்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆனால் டாக்டர் எழுதிவிட்டாலும் ஊசி உடம்பில் ஏறிவிடுகிறதா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இதை எண்ணிப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்த ஊசிகளில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு போடப்படவே இல்லை. பெரும்பாலும் என்ன காரணம்? நோயாளி "வேண்டாம்" என்றதுதான்! பிறகு, மறுக்கும் நோயாளியிடம் ஒருவர் போய் உட்கார்ந்து, ஏன் இந்த ஊசி என்று விளக்கும் ஏற்பாட்டைச் சில வார்டுகளில் செய்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, அந்த வார்டுகளில் தவறிய ஊசிகள் 9.1 விழுக்காட்டில் இருந்து 5.6 விழுக்காடாகக் குறைந்தன.

இதைப் படித்தபோது என் கண் கலங்கியது. படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவிலும் வயிற்று ஊசிக்குப் பயந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அவர்கள் மொழியில் பொறுமையாகச் சொன்ன நாலு வார்த்தை. என் மாமியாருக்கும் அதுதான் தேவைப்பட்டது. அதைச் சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே நின்றேன்.

வார்டில் என்னென்ன செய்வார்கள்?

முதலாவது, ஆபத்தைக் கணிப்பது. இடுப்பு, முழங்கால் அறுவை, கால் எலும்பு முறிவு, புற்றுநோய், பக்கவாதம், கடுமையான தொற்றுநோய், முன்பு ஒரு முறை இரத்தம் உறைந்தது, மிகுந்த உடல் எடை, முதுமை, கர்ப்பம், பேறுகாலம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். சிலவகைக் கருத்தடை மாத்திரைகளும் கூட்டும். குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது கால் சிரையில் இரத்தம் உறைந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நடை. டாக்டர் அனுமதித்ததும் எழுந்து உட்காருவது, நிற்பது, நான்கு எட்டு வைப்பது. எழ முடியாதவர் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். வலி மிகுந்தால் நடையை நிறுத்திவிடாமல், பிசியோ வருவதற்கு முன்பே வலி மருந்து தர முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். இது எனக்கு அன்று தோன்றவில்லை.

மூன்றாவது, ஊசி. ஊசி முனை மிகச் சிறியது. வயிற்றுத் தோலைச் சிறிது கிள்ளிப் பிடித்துப் போடுவார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. சிறிது கன்றிப்போவது வழக்கம்தான். இந்த ஊசி எல்லாருக்கும் உரியது அன்று. வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள், அண்மையில் மூளையில் இரத்தம் கசிந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். இன்னொன்று: ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலில் இருந்து எடுக்கப்படுபவை. சைவ உணவு, சமயக் கட்டுப்பாடு காரணமாகத் தயக்கம் உள்ளவர்கள் பேசாமல் மறுத்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். செயற்கையாகத் தயாரிக்கும் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்தும் இருக்கிறது. பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.

நான்காவது, காலை அமுக்கிவிடும் உறைகள். காற்று நிறைந்து வடியும் உறையைக் காலில் மாட்டி, நடப்பது போலச் சதையை அமுக்கும் இயந்திரம் சில மருத்துவமனைகளில் உண்டு. பக்கவாத நோயாளிகள் 2,876 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், உறை மாட்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கும் மாட்டாதவர்களில் 12.1 விழுக்காட்டினருக்கும் தொடைப் பகுதிச் சிரைகளில் இரத்தம் உறைந்தது. ஆனால் இறுக்கமான காலுறை பக்கவாதக்காரர்களுக்குப் பயன் தரவில்லை, தோலைப் புண்ணாக்கியது என்று 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆகவே பார்மசியில் காலுறையை நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

பிள்ளை பெற்றவளைப் பாருங்கள்

தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. கர்ப்ப காலத்திலும், பிரசவம் ஆன முதல் ஆறு வாரங்களிலும் ஒரு பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தில் அதிக இரத்தம் போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அதுவே சில வேளை வினையாகிறது. நம் நாட்டில் பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதற்கான முன்னணிக் காரணங்களில் நுரையீரல் அடைப்பும் ஒன்று.

நாமோ பிள்ளை பெற்றவளை ஓர் அறையில் படுக்கவைத்து, "தண்ணி அதிகமா குடிக்காதே, வயிறு போட்டுடும்" என்கிறோம். பத்தியக் குழம்பு வையுங்கள், வெந்நீர் ஊற்றுங்கள், வீட்டு வேலை எதையும் கொடுக்காதீர்கள். எல்லாம் சரி. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். வீட்டுக்குள் நடக்கவிடுங்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஓய்வு வேறு, அசையாமல் கிடப்பது வேறு. சிலருக்கு மருத்துவமனையில் இருந்து ஊசியைக் கொடுத்து அனுப்புவார்கள். ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சுமார் பத்து நாளாகவும் இருக்கலாம், ஆறு வாரமாகவும் இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கா" என்று மாமியாரோ அம்மாவோ பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தாலும் ஆபத்து கதவுக்கு வெளியே நின்றுவிடாது

இரத்தம் உறையும் ஆபத்து மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் மூன்று மாதம்வரை இருக்கிறது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல்கூட மருந்து எழுதுவார்கள். கொடுத்த நாள் கணக்கு முடியும்வரை கொடுங்கள். மருந்து எடுக்கும் காலத்தில் மலம் கறுத்துப் போனாலோ மூக்கிலோ ஈறிலோ இரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி, பின்சதை வலித்தால், அந்தக் காலைத் தொடாதீர்கள். தைலம் வேண்டாம், உருவிவிட வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். கட்டியைப் பிய்த்துவிடும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999க்கு அழையுங்கள். அழைக்கும்போதே "இத்தனை நாளுக்கு முன் அறுவை நடந்தது" என்று சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

என் மாமியாரின் காலை உருவிவிட்ட அந்த அக்கா மேல் எனக்கு இம்மியும் வருத்தம் இல்லை. அவர் அன்பினால் செய்தார். நானும் அன்பினால்தான் செய்தேன். எங்கள் இருவருக்கும் அன்பு இருந்தது, அறிவு இல்லை. அவ்வளவுதான்.

வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

மருத்துவமனைக்குப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை மைலோவும் ஆரஞ்சும் மட்டும் அல்ல. இந்த ஐந்து கேள்விகளும்தான்.

1. என் நோயாளிக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறதா? கணித்துப் பார்த்தீர்களா?

2. அதைத் தடுக்க என்ன கொடுக்கிறீர்கள்? ஊசி இல்லையென்றால் ஏன் இல்லை?

3. எப்போது எழுந்து உட்காரலாம்? எப்போது நடக்கலாம்? நாங்கள் எப்படித் துணை செய்வது?

4. வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள் மருந்து?

5. எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும்?

தமிழ் தெரிந்தவர் வார்டில் இல்லையா? மலாயில் இந்த ஒரு வரி போதும்: "டொக்டர், ஈபு சாயா அடா ரிசிகோ டாரா பெக்கு?" என் அம்மாவுக்கு இரத்தம் உறையும் ஆபத்து உண்டா என்பது இதன் பொருள். அப்பாவானால் "ஈபு" என்பதற்குப் பதில் "பாப்பா" என்று சொல்லுங்கள். எந்த டாக்டரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கு மேல் மொழி தடுமாறினால், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர்கள் தமிழில் சொல்லட்டும். "இரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்து" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். "கட்டிப்பால் ஆகாமல் காக்கும் மருந்து" என்று சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்கு உடனே விளங்கும்.

அடுத்த முறை வார்டுக்குப் போகிறீர்களா? கட்டிலைச் சுற்றி நில்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால், "வாங்க அத்தை, என் கையைப் பிடிச்சுக்குங்க, ஜன்னல் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள்.

நான் சொல்லத் தவறியது அதுதான்.